எட்டு லட்சம் கடன், பதினேழு லட்சம் தவணை: படிப்புக் கடனை எப்படிக் கணக்குப் பார்ப்பது?

மே மாதக் கடைசியில் சித்தப்பா எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்தார். சோமனூர்ப் பக்கம் எட்டுத் தறி வைத்துக் கூலிக்கு நெய்து கொடுப்பவர். கையில் ஒரு கல்லூரியின் வழவழப்பான விளம்பரத் தாள்.

"கண்ணு, இந்தக் காயிதத்தைக் கொஞ்சம் பாரு. புள்ளையை மேனேஜ்மென்ட் கோட்டாவுல சேத்தச் சொல்றாங்க. நாலு வருசத்துக்கு எட்டு லட்சமாமா. பேங்க்கே கடன் குடுக்குதாமா, வேலைக்குப் போயி கட்டிக்கலாமாமா. சேத்தலாமா, வேண்டாமா?"

நான் 2009-ல் கல்விக் கடன் வாங்கிப் பொறியியல் சேர்ந்தவன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அந்தக் கடனைக் கட்டி முடித்த அன்றைக்குத்தான் எனக்கு அது முழுசாகப் புரிந்தது. வாங்கின அன்றைக்குப் புரிந்திருக்க வேண்டும். அதனால் இந்தக் கேள்வியோடு யார் வந்தாலும் உட்கார வைத்துக் காகிதத்தில் எழுதிக் காட்டுகிறேன். சித்தப்பாவுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நம் பக்கத்தில் போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போடாத குடும்பம் குறைவு. திருச்செங்கோட்டு வண்டி வந்து நிற்கும். அடிக்கு இத்தனை ரூபாய், பைப்புக்கு இத்தனை என்று பேசுவார்கள். ஆயிரம் அடி போட்டும் வெறும் புகையாகப் பறக்கிற போரும் உண்டு, முந்நூறு அடியில் ரெண்டு இஞ்சு தண்ணீர் பீய்ச்சுகிற போரும் உண்டு. அதனால்தான் வண்டியைக் கூப்பிடும் முன் நீரோட்டம் பார்க்கிறோம், பக்கத்துத் தோட்டத்துப் போர்களில் எத்தனை அடியில் தண்ணீர் என்று விசாரிக்கிறோம், தண்ணீர் வந்தால் என்ன வெள்ளாமை வைக்கலாம், கடன் எத்தனை போகத்தில் அடையும் என்று யோசிக்கிறோம். ஒரு போருக்கு இத்தனை விசாரிக்கிற நாம், அதைப்போல மூன்று நான்கு மடங்கு பணம் போகிற கல்லூரிச் சேர்க்கையை ஒரு மத்தியான நேரத்தில் முடித்துவிட்டு வருகிறோம். படிப்புக் கடன் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். அது இல்லாவிட்டால் நான் படித்திருக்கவே முடியாது. ஆனால் கடன் தாங்குமா தாங்காதா என்பதை விளம்பரத் தாள் சொல்லாது. அங்கே படித்து முடித்த சாதாரணப் பிள்ளை, முதல் மாணவனும் கடைசி மாணவனும் அல்லாத நடுப்பிள்ளை, என்ன சம்பளம் வாங்குகிறது என்பதுதான் சொல்லும்.

முதலில் கடன் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

பொதுத்துறை வங்கிகள் கொடுக்கிற கல்விக் கடன் பெரும்பாலும் இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தை ஒட்டியது. நாலு லட்சம் வரை நம் கையிலிருந்து எதுவும் போட வேண்டியதில்லை. அதற்கு மேல் போனால், உள்நாட்டுப் படிப்புக்கு, மொத்தச் செலவில் 5 சதவீதத்தை நாம் போட வேண்டும். ஏழரை லட்சம் வரை சொத்து ஈடு இல்லாமல் தருவதற்கு மத்திய அரசின் உத்தரவாத நிதி ஒன்று இருக்கிறது. ஏழரையைத் தாண்டினால் பொதுவாகப் பத்திரம் கேட்பார்கள். இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தடுமாறுகிறார்கள். தோட்டம் இருக்கிறதே என்று பத்திரத்தை எடுத்துக்கொண்டு போனால், விவசாய நிலத்தை ஈடாக ஏற்க வங்கிகள் தயங்கும். கடனை வசூலிக்க வங்கிகள் பயன்படுத்தும் சர்ஃபாசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்பது ஒரு காரணம். ஆகவே குடியிருக்கிற வீட்டுப் பத்திரம்தான் போக வேண்டியிருக்கும். எட்டு லட்சத்துக்கும் ஏழரை லட்சத்துக்கும் வித்தியாசம் ஐம்பதாயிரம் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த ஐம்பதாயிரத்துக்காக வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகலாம்.

அடுத்தது வட்டி. படிக்கிற காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். இதைத் தவணை விடுப்புக் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். "படிக்கறப்ப வட்டி கெடையாது" என்று பலரும் நினைப்பது இதனால்தான். தவணைதான் கிடையாது, வட்டி முதல் நாளிலிருந்து ஓடுகிறது. அந்தக் காலத்துக்குத் தனி வட்டியாகக் கணக்கிட்டு, தவணை தொடங்கும் நாளில் அசலோடு சேர்த்துவிடுவார்கள்.

சித்தப்பாவின் எட்டு லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். வருடத் தொடக்கத்தில் இரண்டு லட்சம் வீதம் நாலு வருடம். வட்டி எளிதாக 10 சதவீதம். முதல் வருடம் வாங்கிய இரண்டு லட்சம் ஐந்து வருடம் வட்டி சுமக்கிறது: ஒரு லட்சம். இரண்டாம் வருடத்தது நாலு வருடம்: 80,000. அடுத்தது 60,000. கடைசியாக வாங்கியது 40,000. கூட்டினால் 2,80,000. ஆக, ஒரு ரூபாய்கூடக் கட்டத் தொடங்கும் முன்னரே கடன் 10,80,000 ஆகிவிட்டது.

இதைப் பத்து வருடத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 14,270 ரூபாய். பத்து வருடத்தில் கட்டி முடிக்கும் தொகை 17 லட்சத்துப் பதிமூவாயிரத்தை ஒட்டி வரும். தவணை கனக்கிறது என்று பதினைந்து வருடமாக நீட்டினால் மாதம் 11,600 ஆகக் குறையும், ஆனால் மொத்தம் ஏறத்தாழ 20 லட்சத்து 89 ஆயிரம். பதினெட்டு வயதில் சேர்கிற பிள்ளை முப்பத்தெட்டு வயது வரை கட்டிக்கொண்டிருக்கும்.

படிக்கிற காலத்திலேயே வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டி வந்தால் கதை மாறுகிறது. முதல் வருடம் மாதம் 1,667, இரண்டாம் வருடம் 3,333, அப்புறம் 5,000, நாலாம் வருடமும் அதற்கடுத்த வருடமும் 6,667. அப்படிக் கட்டினால் தவணை தொடங்கும்போது கடன் எட்டு லட்சத்திலேயே நிற்கும், பத்து வருடத் தவணை 10,570 ஆகும். எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்கு மேல் மிச்சம். இப்படிக் கட்டுவோருக்கு வட்டியில் ஒரு சதவீதம் வரை சலுகை தருகிற வங்கிகளும் உண்டு, கடன் வாங்கும்போதே கேட்க வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கும் இத்தகைய கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் வாங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆகவே தீபாவளி போனஸோ, சீட்டுப் பணமோ கைக்கு வந்தால் அசலில் கட்டிவிடலாம்.

வங்கி இழுத்தடிக்கிறது என்று ஃபைனான்ஸுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நூற்றுக்கு ரெண்டு ரூபாய் வட்டி என்றால் மாதத்துக்கு ரெண்டு, வருடத்துக்கு 24 சதவீதம். எட்டு லட்சத்துக்கு மாதம் 16,000 ரூபாய் வட்டி. மேலே சொன்ன வங்கித் தவணையைவிட இது அதிகம், அந்தப் பதினாறாயிரத்தில் ஒரு ரூபாய்கூட அசலில் கழியாது. படிப்புக்கு இந்த வட்டியில் பணம் வாங்கிய இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும். இரண்டு குடும்பமும் பிற்பாடு இடத்தை விற்றுத்தான் வெளியே வந்தன. தயவுசெய்து அந்தப் பக்கம் போக வேண்டாம்.

சரி, கட்ட வேண்டியது தெரிந்துவிட்டது. இனி தண்ணீர் எத்தனை இஞ்சு என்று பார்க்க வேண்டும்.

அவிநாசி ரோட்டில் போனால் பார்க்கலாம், ஒரு பையன் படத்தைப் போட்டு "நாற்பது லட்சம் பேக்கேஜ்" என்று பெரிய போர்டு. அந்தப் பையன் உண்மை, சம்பளமும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பக்கத்து ஊரில் ஒரே ஒரு போர் ஆறு இஞ்சு தண்ணீர் கக்கியது என்பதை வைத்து நம் தோட்டத்தில் கடன் வாங்கிப் போர் போடுவோமா? ஐந்து பேர் வேலைக்குப் போனார்கள் என்று வையுங்கள். ஒருவருக்கு 3 லட்சம், இன்னொருவருக்கும் 3 லட்சம், அடுத்தவருக்கு மூன்றரை, அப்புறம் 4, கடைசியாக நாற்பது. சராசரி போட்டால் 10 லட்சத்து 70 ஆயிரம் வரும். அந்தச் சம்பளத்தை ஐந்து பேரில் ஒருவர்கூட வாங்கவில்லை. வரிசையாக நிறுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் மூன்றரை லட்சம். இதைத்தான் நடுமதிப்பு, அதாவது மீடியன் என்கிறார்கள். நம் பிள்ளை எங்கே நிற்கும் என்று தெரியாதபோது நடுவில் நிற்கும் என்று வைத்துக் கணக்குப் போடுவதுதான் நியாயம்.

இந்த நடுமதிப்பைத் தெரிந்துகொள்ள யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016 முதல் வெளியாகிறது. அதில் கலந்துகொள்ளும் கல்லூரிகள் தாங்கள் கொடுத்த விவரங்களைத் தங்கள் இணையதளத்திலேயே வைத்திருக்கும். எத்தனை பேர் சேர்ந்தார்கள், உரிய காலத்தில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலைக்குப் போனவர்களின் சம்பள நடுமதிப்பு எவ்வளவு என்று ஒரே அட்டவணையில் இருக்கும். ஒரு கல்லூரி அதில் கலந்துகொள்ளவே இல்லை என்றால், அதே விவரத்தை எழுத்தில் கேளுங்கள்.

அட்டவணையைப் படிக்கும்போது ஓர் இடத்தில் நின்று நிதானிக்க வேண்டும். அந்த நடுமதிப்பு வேலை கிடைத்தவர்களுக்கு மட்டுமானது. ஓர் உதாரணம்: 300 பேர் சேர்ந்தார்கள், 210 பேர் காலத்தில் முடித்தார்கள், 120 பேருக்கு வேலை, நடுமதிப்பு மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று போட்டிருக்கிறது. சேர்ந்த முந்நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பது 150-ஆவது பிள்ளை. அது அந்த 120-க்கு வெளியே நிற்கிறது. அதாவது அந்தக் கல்லூரியின் நடுப்பிள்ளைக்குக் கல்லூரி மூலம் வேலையே கிடைக்கவில்லை. சிலர் மேற்படிப்புக்குப் போயிருப்பார்கள், சிலர் அப்பாவின் கம்பெனியைப் பார்க்கப் போயிருப்பார்கள், அதையெல்லாம் கழித்துக்கொள்ளுங்கள். கழித்த பிறகும் இடைவெளி பெரிதாக இருந்தால் அந்தக் கல்லூரிக்குக் கடன் வாங்காதீர்கள். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத்துக்குப் பருவம் வெளியிடுகிறது, அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பெரிய ஐடி சேவை நிறுவனங்கள் புதிதாக வருகிற பொறியாளருக்குக் கொடுக்கும் தொடக்கச் சம்பளம் பல வருடங்களாகவே ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றியே நிற்கிறது. பிடித்தம் போகக் கைக்கு மாதம் இருபத்தைந்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையிலோ பெங்களூரிலோ தங்கி, சாப்பிட்டு, பஸ்ஸுக்குக் கொடுத்து, அதில் 14,270 தவணையும் கட்ட முடியுமா? முடியாது. அப்பா கட்டுவார், அல்லது தவறும். தவறினால் பிள்ளையின் சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று வங்கிகள் பார்க்கிற மதிப்பெண், மட்டும் கெடாது. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருப்பதால் அவர்களுடையதும் கெடும். தறிக்கு மோட்டார் மாற்றவோ, வீட்டுக்குக் காங்கிரீட் போடவோ நாளைக்கு வங்கிக்குப் போகும்போதுதான் அது தெரியும்.

நான் வைத்திருக்கிற அளவுகோல் இரண்டு. தவணை தொடங்கும் நாளில் நிற்கும் மொத்தக் கடன், நடுப்பிள்ளையின் ஒரு வருடக் கைச்சம்பளத்தைத் தாண்டக் கூடாது. மாதத் தவணை அந்தக் கைச்சம்பளத்தில் கால்வாசிக்குள் இருக்க வேண்டும். இருபத்தைந்தாயிரம் கைச்சம்பளம் என்றால் கடன் மூன்று லட்சம், தவணை ஆறாயிரத்துச் சொச்சம். கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். மூன்று மடங்கு போகக் கூடாது.

செலவில் கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. நாலு வருடம் படிக்கும்போது சம்பாதிக்காமல் விடுகிற பணம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மாதம் பதினைந்தாயிரம் வாங்கக்கூடிய பையன் என்று வைத்தால் நாலு வருடத்துக்கு 7,20,000. படிக்காமல் கம்பெனிக்குப் போகச் சொல்ல இதை எழுதவில்லை. பதினைந்தாயிரம் அங்கேயே நின்றுவிடும், நல்ல படிப்பின் சம்பளம் வளரும். ஆனால் நாலு வருடம் முடித்தும் அதே பதினைந்தாயிரத்துக்குத்தான் போக வேண்டியிருக்கும் என்று தோன்றுகிற ஒரு படிப்புக்கு, கடனோடு இந்த ஏழு லட்சமும் சேர்ந்து போகிறது என்பதைப் பிள்ளைக்கும் தெரியச் சொல்ல வேண்டும்.

இப்படிப் பேசினாலே யாராவது கோவைத் தொழிலதிபர் ஜி.டி. நாயுடுவை இழுப்பார்கள். கலங்கலில் பிறந்து, கல்லூரிப் பக்கம் போகாமல், 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ் ஓட்டித் தொடங்கி அத்தனை பெரிய தொழில்களைக் கட்டினாரே, படிப்பு எதற்கு என்பார்கள். நானும் அவரை மிகவும் மதிக்கிறவன். ஆனால் போர்டில் இருக்கிற நாற்பது லட்சத்துப் பையனைப் போல, அவரும் வரிசையின் ஓர் ஓரத்தில் நிற்பவர். தவிர, அவர் தொழிற்கல்வியை வெறுத்தவரும் அல்ல. 1945-ல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் அவர் முன்னின்று தொடங்கிய தொழில்நுட்பக் கல்விக்கூடம்தான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, தடாகம் ரோட்டில் ஜிசிடி என்று நாம் சொல்வது. அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தால் இந்தக் கட்டுரையின் கணக்குகள் பெரும்பாலும் தேவைப்படாது, அரசுக் கல்லூரிக் கட்டணம் அவ்வளவு குறைவு.

அதனால் கடன் வாங்குவதற்கு முன் கடனைக் குறைக்கிற வழிகளைத்தான் முதலில் தேட வேண்டும். நம் மாநிலத்தில் அவை நிறையவே இருக்கின்றன, நேரம் தவறி விடுவதுதான் நம் குறை.

குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை உண்டு. ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாக அரசு ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. மே மாதமே முன்பணம் கட்டி இடம் பிடித்துவிடுங்கள் என்று அவசரப்படுத்துகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். முன்பணம் கட்டிவிட்டோமே என்று கவுன்சலிங்குக்கே போகாமல் விட்ட பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். கட்டிவிட்டாலும் கெடு முடிவதற்குள் விலகினால், ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடித்துக்கொள்ளக் கூடாது, அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்கிற ஏஐசிடிஇ அமைப்பின் விதி இருக்கிறது. பயப்படாமல் கேளுங்கள்.

ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. இதில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இது போக மாணவிகளுக்குப் புதுமைப்பெண், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன், இரண்டிலும் மாதம் ஆயிரம் ரூபாய்.

இந்த இடத்தில் எனக்கு மனம் பொறுக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பத்தாவது வரை அரசுப் பள்ளியில் நன்றாகப் படித்த பிள்ளையை, பதினொன்றாவதுக்கு நாமக்கல் பக்கம் விடுதியோடு கூடிய தனியார் பள்ளியில் லட்சக்கணக்கில் கட்டிச் சேர்க்கிறோம். மார்க் கூடும் என்கிற ஆசைதான். ஆனால் அந்தக் கையெழுத்தோடு 7.5 சதவீத ஒதுக்கீடு போய்விடுகிறது. சித்தப்பா மகளுக்கும் அதுதான் நடந்தது. பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கட்டிய பணமும் கைமாற்றாக வாங்கியது. ஒன்பதாவது, பத்தாவதில் பிள்ளை வைத்திருக்கிறவர்கள் இதை இன்றைக்கே வீட்டில் பேச வேண்டும்.

பிறகு வட்டி மானியம். குடும்ப ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழில்நுட்ப, தொழிற்படிப்பு படித்தால், தவணை விடுப்புக் கால வட்டி முழுவதையும் மத்திய அரசு ஏற்கிற திட்டம் 2009 முதல் இருக்கிறது. இந்த மானியம் கிடைக்கிற கடனில், மேலே பார்த்ததைப் போலப் படிக்கிற காலத்து வட்டி அசலில் ஏறாது. நடுவில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட பிஎம் வித்யாலட்சுமி திட்டம் இதற்கு அடுத்தது. பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் (தொடங்கியபோது சுமார் 860) தகுதி அடிப்படையில் இடம் பெற்றவர்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன். வருமானம் எட்டு லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்குப் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. நீங்கள் பார்க்கும் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இந்த வட்டி மானியத்தை நான் இழந்தவன். நான் சேர்ந்த வருடம்தான் அது வந்தது. வருமானச் சான்றிதழைக் கொண்டுபோய் வங்கியில் கொடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது, நாங்கள் கடன் வாங்கிய கிளையிலும் சொல்லவில்லை. மூன்றாம் வருடத்தில் விடுதி அறைத்தோழன் ஒருவன் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குள் இரண்டு வருட வட்டி ஏறிவிட்டது. அந்தத் தொகைக்கு அப்பா பால்மாடு ஒன்றை விற்றார். ஒரு காகிதம் கொடுத்திருந்தால் அந்த மாடு கொட்டகையிலேயே நின்றிருக்கும்.

பொறியியலையே சுற்றிச் சுற்றிப் பேசுகிறேன், வேறு சாலைகளும் இருக்கின்றன. பாலிடெக்னிக் முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் பி.இ. சேரலாம், ஒரு வருடக் கட்டணம் மிச்சம். கணக்கில் ஈடுபாடு உள்ள பிள்ளைக்கு சி.ஏ. இருக்கிறது. ஈரோடு, கரூர், திருப்பூர் முழுக்க ஆடிட்டர் அலுவலகங்கள், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் வரும். தேர்வு கடினம், ஆனால் கடன் பெரிதாகத் தேவைப்படாத படிப்பு. மருத்துவத்துக்குத் திருப்பூரிலும் நாமக்கல்லிலும் 2022 ஜனவரியில் அரசுக் கல்லூரிகள் திறந்தாயிற்று. அரசு இடம் கிடைத்தால் யோசிக்க வேண்டியதே இல்லை. தனியாரில் கோடிக் கணக்கு என்றால் அது வேறு உலகம், இந்த அளவுகோல் அங்கே உடைந்துவிடும். வெளிநாட்டுப் படிப்பில் செலவு டாலரிலோ பவுண்டிலோ ஏறும். அங்கே வேலை கிடைக்காமல் திரும்பினால் ரூபாய்ச் சம்பளத்தில் அதைக் கட்ட வேண்டும். பத்திரத்தை வைத்துப் போகிறவர்கள் அந்த நிலைமைக்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்துவிட்டுப் போக வேண்டும்.

படிப்பு நடுவில் நின்றால் என்ன ஆகும் என்பதை யாரும் பேசுவதில்லை. கடனில் மாட்டி மிகவும் கஷ்டப்படுகிறவர்கள், நான் பார்த்த வரையில், பெரிய கடன் வாங்கியவர்களைவிட, சின்னக் கடன் வாங்கிப் பட்டம் வாங்காமல் விட்டவர்கள்தான். இரண்டு வருடம் படித்து, பதினாலு அரியர் வைத்து, கூச்சத்தில் வீட்டுக்கு வந்துவிட்ட பையனுக்குப் பட்டம் இல்லை, கடன் மட்டும் இருக்கிறது. பிள்ளைக்குப் பிடிக்காத பாடத்தில் கடன் வாங்கிச் சேர்ப்பது இதனால்தான் ஆபத்து. ஆர்வம் என்பது கணக்கில் சேராத விஷயம் என்று நினைக்க வேண்டாம். அது இல்லாத இடத்தில்தான் படிப்பு பாதியில் நிற்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு பேச்சு எழும். "கடன் வாங்கிப் படிக்க வெச்சா, கட்டிக்கிட்டுப் போற எடத்துல யாரு கட்டுவாங்க?" என் சித்தியும் இதைத்தான் கேட்டார். கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், தவணை பத்து வருடம் ஓடும், கல்யாணம் நடுவில் வரும். ஆனால் விடை, பெண்ணைப் படிக்க வைக்காமல் விடுவது ஆகாது. கடனைச் சிறிதாக்கி, ஐந்து வருடத்தில் அவள் சம்பளத்திலேயே அடையும்படி வைப்பதுதான் விடை. மாணவிகளுக்கு வட்டியில் அரை சதவீதம் குறைக்கிற பொதுத்துறை வங்கியும் இருக்கிறது. கல்யாணத்துக்கென்று நகைக்குக் கட்டுகிற சீட்டில் ஒன்றைப் படிக்கிற காலத்து வட்டிக்குத் திருப்பினாலே கடன் அவ்வளவு வளராது.

சித்தப்பா மகளுக்குக் கணக்குப் போட்டோம். விடுதி இல்லாமல் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வருகிற தூரத்தில், அரசு ஒதுக்கீட்டில், முதல் பட்டதாரிச் சலுகையோடு. மீதிக் கட்டணம், பஸ், புத்தகம், மடிக்கணினி எல்லாம் சேர்த்து வருடம் 60,000 கடன் என்றால் நாலு வருடத்துக்கு 2,40,000. வட்டி மானியம் கிடைத்தால் தவணை தொடங்கும்போதும் அதே 2,40,000. ஐந்து வருடத்தில் கட்டினால் மாதம் 5,100. மானியம் கிடைக்காமலே போனாலும் 6,880. எட்டு லட்சத்தின் 14,270-க்குப் பக்கத்தில் இரண்டையும் எழுதிக் காட்டியதும் சித்தப்பா காகிதத்தை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிள்ளை பேசாமல் உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்து, ஐந்து கல்லூரிகளின் பெயரை எழுதிக் கட்டம் போட ஆரம்பித்தாள்: சேர்ந்தவர்கள், முடித்தவர்கள், வேலைக்குப் போனவர்கள், நடுச்சம்பளம்.

திங்கள்கிழமை காலை விளம்பரத் தாள் கொடுத்தவர் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். இடம் குறைவாகத்தான் இருக்கிறது, முன்பணம் எப்போது கட்டுகிறீர்கள் என்று. சித்தப்பா கேட்டார்: "ஏனுங்க, உங்க காலேஜ்ல நடுப்புள்ளை எத்தனை சம்பளம் வாங்குதுங்க?" விசாரித்துச் சொல்கிறேன் என்றார் அவர். நாங்கள் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க இ-சேவை மையத்துக்குக் கிளம்பினோம்.